ஐயாயிரம் நண்பர்கள் யாருக்குச் சொந்தம்?

2008-ம் வருடம், ஜனவரி 3-ம் தேதி. ராபர்ட் ஸ்கோபிள் என்கிற அமெரிக்கர் தன் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார். முடியவில்லை. இன்னொரு தடவை முயற்சி. ம்ஹூம்! கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. படங்கள், எழுதியவை, நண்பர்கள் பட்டியல்... எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்.

ஸ்கோபிள் லேசுப்பட்ட ஆள் இல்லை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். கம்ப்யூட்டர் உலகத்தில் என்ன புதிதாக வந்தாலும் முதல் ஆளாகத் தொட்டுப் பார்த்து, ஊருக்கெல்லாம் தண்டோரா போடுகிறவர். ஃபேஸ்புக்கில் ஒருவர் அதிகபட்சம் 5,000 நண்பர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஸ்கோபிள் கிட்டத்தட்ட அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி என்ன குற்றம் செய்தார்? தன் நண்பர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி, பிறந்தநாள் மூன்றையும் பிரதி எடுத்து, பிளாக்ஸோ என்கிற இன்னொரு நிறுவனத்தில் இருந்த தன்னுடைய முகவரிப் புத்தகத்தில் சேர்க்கப் பார்த்தார். அவ்வளவுதான்.

கையால் எழுதி எடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐயாயிரம் பேரை எப்படிக் கையால் எழுதுவது? பிளாக்ஸோ அப்போதுதான் சோதனையில் வைத்திருந்த ஒரு புரோகிராமை ஓடவிட்டார். அது ஒவ்வொரு நண்பரின் பக்கமாகப் போய் விவரங்களை அள்ளிக்கொண்டு வந்தது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஃபேஸ்புக்காரர்கள் மின்னஞ்சல் முகவரிகளை எழுத்தாக வைக்காமல் படமாக வைத்திருந்தார்கள். நம் கண்ணுக்கு எழுத்து, மெஷினுக்கு வெறும் படம். பிளாக்ஸோவின் புரோகிராம் அந்தப் படத்தையும் வாசிக்கிற கில்லாடி. ஃபேஸ்புக்கின் காவல் மெஷின் மோப்பம் பிடித்துவிட்டது. 'தானியங்கிப் புரோகிராம்களை இங்கே ஓட்டக் கூடாது' என்ற விதியைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று நினைக்கிறீர்கள்? அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.

மயிலாப்பூரில் பத்து வருடம் குடியிருந்துவிட்டுத் தாம்பரத்துக்கு வீடு மாற்றுகிறீர்கள். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் வண்டியில் ஏறியாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அனுப்புவதற்காக அம்மா எழுதி வைத்திருக்கும் அட்ரஸ் நோட்டை நீங்கள் எடுக்கும்போது வீட்டுக்காரர் ஓடி வருகிறார். "அது மட்டும் இங்கேயே இருக்கட்டும்." எப்படி இருக்கும்? ஸ்கோபிளுக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால், நோட்டில் பெயர் இருக்கிறதே, அந்த அத்தை பையன் என்ன சொல்வான் என்று கேட்டீர்களா? அவன் தன் பிறந்தநாளை ஃபேஸ்புக்கில் உங்களுக்குக் காட்டினான். பிளாக்ஸோவுக்கு இல்லை. அந்த பிளாக்ஸோவும் அப்போது நல்ல பெயர் எடுத்திருந்த நிறுவனம் கிடையாது. ஒருவர் சேர்ந்தால் போதும், அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் 'உங்கள் விவரத்தைச் சரிபாருங்கள்' என்று கடிதம் போட்டு உயிரை எடுப்பார்கள். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஷான் பார்க்கர். பிற்பாடு ஃபேஸ்புக்குக்கே முதல் தலைவராகப் போனவர்!

ஸ்கோபிள் போட்ட கூச்சலில் சீக்கிரமே கணக்கைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரி 8-ம் தேதி ஃபேஸ்புக், கூகுள், பிளாக்ஸோ மூன்றும் நல்ல பிள்ளைகளாக ஒரு குழுவில் சேர்ந்தன. பயனாளர்கள் தங்கள் தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போக வழி காண்பதற்கான குழு அது. போட்டோ எடுத்துக்கொள்வதற்கு அது போதுமானதாக இருந்தது. நடந்தது வேறு.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

ஃபேஸ்புக் வளர்ந்ததே அடுத்தவர்களின் முகவரிப் புத்தகத்தை வைத்துத்தான். புதிதாகச் சேர்கிறவரிடம், 'உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள், உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்பார்கள். ஜிமெயில், யாஹூ, ஹாட்மெயில் எதுவானாலும் சரி. பீரோ சாவியைக் கொடு, உள்ளே இருக்கும் அட்ரஸ் நோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பது போன்ற ஏற்பாடு. ஜனங்களும் கொடுத்தார்கள். ஃபேஸ்புக் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் எல்லோருமே இதைத்தான் செய்தார்கள். 2008 மார்ச்சில் கூகுள் ஒரு முறையான வாசல் வைத்தது. பாஸ்வேர்டைத் தர வேண்டாம், நீங்கள் சம்மதம் என்றால் உங்கள் ஜிமெயில் தொடர்புகளை இன்னொரு நிறுவனத்துக்கு நாங்களே தருகிறோம் என்றது.

கூகுளுக்குள் இதற்கென்றே ஒரு கோஷ்டி இருந்தது. 2007-ல் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் என்கிற இன்ஜினீயர் சிகாகோ அலுவலகத்தில் ஆரம்பித்தது. பெயர் 'தகவல் விடுதலை முன்னணி'. ஏதோ காட்டுக்குள் இருக்கும் புரட்சிப் படை மாதிரி இருக்கிறதா? மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் படத்தை மனத்தில் வைத்து விளையாட்டாக வைத்த பெயர். வேலை விளையாட்டில்லை. கூகுளின் ஒவ்வொரு சேவையிலிருந்தும் பயனாளர் தன் சரக்கைச் சுலபமாக எடுத்துக்கொண்டு வெளியேறும் வசதியை அவர்கள் உருவாக்கினார்கள். 2011 ஜூனில் வந்த 'கூகுள் டேக்அவுட்' அதன் பலன்.

கூகுள் என்ன தர்மபிரபுவா என்று நீங்கள் சந்தேகப்பட்டால் தப்பில்லை. நட்பு வலைத்தளப் பந்தயத்தில் அப்போது கூகுள் பின்தங்கியிருந்தது. ஆர்குட் இந்தியாவிலும் பிரேசிலிலும் ஓஹோ என்று ஓடியதே தவிர, மற்ற இடங்களில் எடுபடவில்லை. பின்னால் வருகிறவனுக்கு எல்லாக் கதவும் திறந்திருப்பதுதான் லாபம்.

2010 நவம்பரில் சண்டை வெடித்தது. ஃபேஸ்புக்குக்கு அப்போது 50 கோடிக்கு மேல் பயனாளர்கள். ஜிமெயிலிலிருந்து கோடிக்கணக்கில் முகவரிகள் ஃபேஸ்புக்குக்குள் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு முகவரிகூட ஜிமெயிலுக்கு வரவில்லை. பொறுத்துப் பார்த்த கூகுள் விதியை மாற்றியது. 'எங்கள் வாசல் வழியாக எடுப்பவர்கள், அதே மாதிரி எடுக்கும் வசதியைத் திருப்பித் தர வேண்டும்.' மொய் விருந்து கணக்கு! வாங்கினால் திரும்ப வைக்க வேண்டும்.

ஃபேஸ்புக் வைத்ததா? சில நாட்களிலேயே குறுக்கு வழி கண்டுபிடித்தது. கூகுளின் 'விடுதலை முன்னணி' பயனாளர்களுக்காக ஒரு வசதி செய்திருந்தது அல்லவா? தொடர்புகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி. அந்தக் கோப்புக்கு நேரடி இணைப்பு கொடுத்துவிட்டது ஃபேஸ்புக். 'இங்கே சொடுக்கி இறக்குங்கள், அப்படியே எங்களிடம் ஏற்றுங்கள்.' பயனாளர் தன் கையால் செய்வதைக் கூகுள் எப்படித் தடுக்கும்? தடுத்தால் விடுதலை முன்னணியின் பெயர் என்னாவது?

தடுக்கவில்லை. நடுவில் ஒரு பக்கத்தை வைத்தது. ஃபேஸ்புக்கிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் பக்கம்தான் தெரியும். 'ஒரு நிமிஷம்! திரும்ப எடுக்க விடாத இடத்தில் உங்கள் நண்பர்களின் விவரங்களைக் கொண்டு போய்ப் போடுகிறீர்களே, நிச்சயம்தானா?' என்கிற பொருளில் ஒரு கேள்வி. எலிப்பொறியின் வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டிய மாதிரி. உலகின் மாபெரும் நிறுவனங்கள் இரண்டு, தெருக்குழாயடி பாணியில் மோதிக்கொண்டதைப் பத்திரிகைகள் ரசித்து ரசித்து எழுதின.

ஃபேஸ்புக் தரப்பில் மைக் வெர்னல் என்ற இன்ஜினீயர் சொன்ன பதில் முக்கியமானது. மின்னஞ்சல் வேறு, நட்பு வலைத்தளம் வேறு என்றார் அவர். மின்னஞ்சலில் முகவரிப் புத்தகம் நீங்கள் எழுதி வைத்தது, அது உங்களுடையது. நட்பு வலைத்தளத்தில் நண்பர்கள் பட்டியல் உங்களுடையது, ஆனால் நண்பரின் விவரங்கள் நண்பருடையவை. அவற்றை நீங்கள் மொத்தமாக அள்ளிப் போக முடியாது. அந்த வருடம் அக்டோபரில் ஃபேஸ்புக்கும் தகவலை இறக்கும் வசதி ஒன்றைக் கொடுத்திருந்தது. படங்கள் வரும், எழுதியவை வரும். நண்பர்கள்? பெயர் மட்டும் வரும்.

வாதம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அத்தை பையன் கட்சி. ஆனால் இதே ஃபேஸ்புக், யாஹூவுக்கும் ஹாட்மெயிலுக்கும் நண்பர்களின் முகவரியை எடுத்துப் போக ஏற்கெனவே வழி விட்டிருந்தது! ஹாட்மெயிலின் முதலாளி மைக்ரோசாஃப்ட். 2007 அக்டோபரில் ஃபேஸ்புக்கில் 24 கோடி டாலர் முதலீடு செய்த நிறுவனம். நண்பரின் உரிமை யாஹூ வாசலில் தூங்கிவிட்டு, கூகுள் வாசலில் மட்டும் விழித்துக்கொண்டது.

இரண்டாவது ஆதாரம் இன்னும் மோசம். அதே வருடங்களில் ஃபேஸ்புக்கின் மேல் விளையாட்டு, புதிர், ஜாதகம் என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அப்ளிகேஷன்கள் ஓடின. நீங்கள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் விவரம் மட்டுமல்ல, உங்கள் நண்பர்களின் விருப்பங்கள், ஊர், பிறந்தநாள் போன்றவையும் அந்த அப்ளிகேஷன்காரருக்குக் கிடைக்கும்படி ஏற்பாடு இருந்தது. நண்பரை யாரும் கேட்கவில்லை. இந்த வாசல் 2015 வரைக்கும் திறந்தே கிடந்தது. அதன் வழியாகத்தான் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம். 2018 மார்ச்சில் வெடித்ததே, ஞாபகம் இருக்கும். ஒரு மனோதத்துவப் புதிர் அப்ளிகேஷன், சுமார் 2,70,000 பேர் சேர்த்துக்கொண்டது, 8.7 கோடிப் பேர் வரை விவரம் போய்விட்டது. நம் நாட்டுக் கணக்கை ஃபேஸ்புக்கே கொடுத்தது. சேர்த்துக்கொண்ட இந்தியர்கள் 335 பேர். அவர்களால் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களையும் சேர்த்தால் 5,62,455 பேர். ஒரு தெருக்கூட்டத்துக்குக்கூடப் போதாத 335 பேரால் ஐந்தரை லட்சத்துக்கு மேல்!

மூன்றாவது ஆதாரம் லண்டனில் சிக்கியது. அந்த விவகாரத்தை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, ஊருக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கச் சின்ன நிறுவனத்தின் நிறுவனரை 2018 நவம்பரில் கூட்டி வரச் செய்து, கொடுக்காவிட்டால் அபராதம், சிறை என்று மிரட்டி ஒரு கட்டு ஆவணங்களை வாங்கியது. அந்த நிறுவனத்தின் தொழில் என்ன தெரியுமா? நண்பர்களின் படங்களில் நீச்சலுடைப் படங்களை மட்டும் தேடிக் கொடுப்பது. அந்த வாசலை அடைத்ததற்காக ஃபேஸ்புக் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அந்த வழக்கில் கைக்கு வந்த ஃபேஸ்புக்கின் உள் கடிதங்கள்தான் அந்தக் கட்டு. டிசம்பரில் குழு அவற்றை வெளியிட்டது. 2013 ஜனவரி 24-ம் தேதிக் கடிதம் ஒன்று. ட்விட்டர் நிறுவனம் 'வைன்' என்ற ஆறு விநாடி வீடியோ அப்ளிகேஷனை அன்றைக்குத்தான் வெளியிட்டது. ஃபேஸ்புக் நண்பர்களை வைனில் தேடிக்கொள்ளலாம் என்று அதில் வசதி. இதை இன்றே அடைத்துவிடலாமா என்று அதிகாரி கேட்கிறார். மார்க் ஸக்கர்பெர்க்கின் பதில் ஒரே வரி: 'சரி, செய்யுங்கள்.' அதில் அத்தை பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெரிய நிறுவனங்களாவது ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். இடையில் மாட்டிய சின்ன மீனின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டீவ் வச்சானி என்பவரின் பவர் டாட் காம். பிரேசிலில் ஆரம்பித்தது. ஆர்குட், மைஸ்பேஸ், ஃபேஸ்புக் என்று நாலு இடத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். அதாவது ஜிமெயிலில் ஃபேஸ்புக் செய்ததை இவர்கள் ஃபேஸ்புக்கில் செய்தார்கள். கூடவே, '100 புது நண்பர்களைக் கூட்டி வரும் முதல் 100 பேருக்கு 100 டாலர்' என்று ஒரு போட்டியும் வைத்து, நண்பர்களுக்கெல்லாம் அழைப்பு பறக்கவிட்டார்கள். (இது அதிகப்பிரசங்கித்தனம்தான்.) 2008 டிசம்பர் 1-ம் தேதி, நிறுத்து என்று ஃபேஸ்புக் வக்கீல் கடிதம் அனுப்பியது. பவர் நிறுத்தவில்லை. அதன் கம்ப்யூட்டர்களை ஃபேஸ்புக் தடுத்தது. பவர் சுற்றி வந்தது. மாதக் கடைசியில் வழக்கு.

எட்டு வருடம் இழுத்து, 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பவர் டாட் காமே மூடியாகிவிட்டது. பயனாளர்கள் மனமுவந்து பாஸ்வேர்டு கொடுத்தார்களே, அது போதாதா? போதாது என்றது கோர்ட். ஃபேஸ்புக்கின் கடிதம் வந்த பிறகும் நுழைந்தது, கம்ப்யூட்டர் குற்றங்களுக்கான 1986-ம் வருடச் சட்டப்படி தப்பு. அதற்கு நீதிபதி சொன்ன உதாரணம் அபாரம். உங்கள் சிநேகிதர் பாங்க் லாக்கரில் இருக்கும் நகையை உங்களுக்கு இரவல் தருகிறார். சாவியையும் கொடுக்கிறார். நீங்கள் துப்பாக்கியும் கையுமாக பாங்க்குக்குப் போகிறீர்கள். பாங்க் உங்களை வெளியே தள்ளி, இனி வராதே என்கிறது. சாவி இருக்கிறதே என்று நீங்கள் மறுபடி நுழைய முடியுமா?

எல்லாம் சரி. துப்பாக்கி எங்கே இருந்து வந்தது? வச்சானியின் கையில் இருந்தது சாவி மட்டும்தானே? முதலில் 30 லட்சம் டாலருக்கு மேல் போட்டிருந்த நஷ்டஈடு, கடைசியில் 79,640 டாலர் சொச்சமாகக் குறைந்தது என்பதிலேயே அந்தத் துப்பாக்கியின் லட்சணம் தெரிகிறது.

அமெரிக்காவில் கோர்ட் இப்படிப் போய்க்கொண்டிருக்க, ஐரோப்பாவில் ஒரு மாணவன் வேறு கதவைத் தட்டினான். மாக்ஸ் ஷ்ரெம்ஸ். ஆஸ்திரியாவைச் சேர்ந்த சட்ட மாணவர். 2011-ல் 'என்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றையும் கொடுங்கள்' என்று ஃபேஸ்புக்குக்கு எழுதினார். ஐரோப்பியச் சட்டப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஒரு சி.டி. வந்தது. உள்ளே 1,200 பக்கங்களுக்கு மேல்! மனிதர் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகள்கூட அதில் பத்திரமாக இருந்தன. ஐரோப்பாவே அதிர்ந்தது.

அடுத்த ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த புதிய தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 'தகவலை எடுத்துப் போகும் உரிமை' இடம்பெற்றது. 2018 மே 25 முதல் அது அமலில் இருக்கிறது, 20-வது பிரிவு. கம்ப்யூட்டர் வாசிக்கும் வடிவத்தில் உங்கள் தகவலை உங்களிடம் தர வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக முடியுமானால் நேரே அடுத்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். அதோடு ஒரு வரி: மற்றவர்களின் உரிமைக்குப் பாதிப்பு வரக் கூடாது. வந்துவிட்டாரா அத்தை பையன், சட்டப் புத்தகத்துக்குள்ளேயே! அவர் அங்கே இருக்க வேண்டியவர்தான். ஆனால் அவரைக் காட்டியே முகவரிப் புத்தகத்தைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. படங்களை நேரடியாகக் கூகுள் போட்டோஸுக்கு மாற்றும் வசதியை ஃபேஸ்புக் 2020-ல் உலகம் முழுக்கக் கொடுத்தது. அத்தை பையன் மட்டும் அங்கேயே நிற்கிறார்.

மொபைல் நம்பரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுக்க, நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம் என்று வந்தது. அப்போது அதிகபட்சக் கட்டணம் 19 ரூபாயாக இருந்தது. நீங்கள் எந்த நிறுவனத்துக்குத் தாவினாலும் பி.எஸ்.என்.எல். வைத்திருக்கும் பெரியப்பா பழையபடி கூப்பிடுவார். அவருக்கு நீங்கள் மாறியதே தெரியாது. நட்பு வலைத்தளத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வரலாம். ஆனால் அங்கே தங்கிவிட்டவர்களோடு இங்கிருந்து பேச முடியாது. ஐரோப்பா இதையும் கவனித்து, பெரிய மெசேஜ் சேவைகள் கேட்கிற போட்டி நிறுவனத்தோடு இணைந்து பேசவும் வழி விட வேண்டும் என்று 2022-ல் இன்னொரு சட்டம் போட்டது. பெரிய நிறுவனங்களுக்கு அதன் கடமைகள் 2024 மார்ச்சிலிருந்து.

நம் கதை? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் கொடுத்த வரைவில் தகவலை எடுத்துப் போகும் உரிமை இருந்தது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும் இருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். நவம்பரில் புது வரைவு வந்தது. உரிமையைக் காணோம். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்திலும் இல்லை. பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம். எடுத்துக்கொண்டு போகலாம் என்று மட்டும் எழுதவில்லை. வங்கிக் கணக்கு போன்ற நிதி விவரங்களை நம் சம்மதத்தோடு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி தனியாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அது கடன் வாங்கப் பயன்படும்.

சட்டம் சொல்லாவிட்டாலும் ஃபேஸ்புக்கில் இறக்கும் வசதி இங்கேயும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ பெரிய மூட்டையாக வரும். நீங்கள் எழுதியது, விருப்பம் தெரிவித்தது, தேடியது எல்லாம் இருக்கும். நண்பர்கள் என்ற கோப்பைத் திறங்கள். வரிசையாகப் பெயர்கள். பக்கத்தில், அவர் உங்களுக்கு எந்தத் தேதியில் நண்பரானார் என்ற குறிப்பு.